கடலைக் காட்டில் ஒரு படகுத்துறை

வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பீரோவை நகர்த்தினார்கள். பின்னால், சுவரோடு சுவராக, சுருட்டிக் கட்டிய ஃபிளெக்ஸ் வரைபடம் ஒன்று நின்றிருந்தது. விரித்துப் பார்த்தேன். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு முழுக்க நீலம். அதைச் சுற்றி, நாம் இருவரும் ஒரு வருஷம் அலைந்த கரையோர ஊர்கள் பச்சையிலும் ஆரஞ்சிலும் இருந்தன. நீலத்துக்குள், எந்த ஊரும் இல்லாத இடத்தில், மிளகாய் எண்ணெயில் பதிந்த ஒரு பெருவிரல் ரேகை. உன்னுடையது.

"தின்னர் இருக்குதுங்க மேடம், தொடச்சுத் தரட்டுங்களா?" என்றார் பெயின்டர்.

வேண்டாம் என்றேன்.

"கறைங்க அது" என்றார், எனக்குத் தெரியாதோ என்று.

தெரியும் என்றேன். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது. திரும்பச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னாலேயே வைக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால் நாலு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. உனக்கு எதையும் பேசினால்தான் ஆகும். எனக்கு எழுதினால்தான் ஆகும். அதனால்தானோ என்னவோ அந்தச் சென்னை நிறுவனம் நம் இருவரையும் ஓமலூரில் ஒரு மாடி அறையில் சேர்த்துப் போட்டது. நீ ஊர் ஊராகப் போய்க் கேட்டு வருவாய், நான் அதை அட்டவணையாக்கி அறிக்கை எழுதுவேன். வேலையின் பெயர் நீளமானது: நீர்த்தேக்கக் கரையோரக் கிராமங்களுக்கான ஒருங்கிணைந்த பொருளாதார வளர்ச்சித் திட்டம். இதை யாரால் முழுதாகச் சொல்ல முடியும் என்று நீ அதைத் "தண்ணித் திட்டம்" என்று சுருக்கினாய். விளைவாக, முதல் கூட்டத்துக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் இடுப்பில் குடத்தோடு வந்தார்கள்.

ஜலகண்டாபுரத்தில் நாலு விசைத்தறிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நீ. "எங்கூட்டுல மெதுவாப் பேசுனா சோறு கெடைக்காது அம்மணி" என்பாய். ஓமலூர் அறையிலிருந்து நீ சென்னைக்கு போன் பேசும்போது, அந்த போன் எதற்கு என்று எனக்குத் தோன்றும். நானோ பல்கலைக்கழக நூலகத்தில் வளர்ந்தவள் மாதிரி. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் யோசித்து. நம்மை ஜோடியாகப் பார்க்கிற ஊர்க்காரர்கள் உன்னை அதிகாரி என்றும் என்னை உனக்குத் துணைக்கு வந்தவள் என்றும் நினைத்துக்கொள்வார்கள். நீ ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.

முதல் முறை அந்தப் படகுத்துறையைப் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? மாசி மாதம். சென்னையிலிருந்து நம் தலைமை ஆலோசகர் வந்திருந்தார். நம்மைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல பையன்தான், வெள்ளை நிற ஷூ போட்டிருந்தார். முந்தைய ஏதோ ஒரு திட்டத்தில் கட்டிய படகுத்துறை அது. கான்கிரீட் மேடை, நீலக் கம்பி, இறங்கப் படிக்கட்டு எல்லாம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடலைச் செடி. மேடை நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. "ஆழமான பகுதி, இறங்காதீர்கள்" என்ற பலகையின் காலடியில் உட்கார்ந்து ஓர் அம்மா களை வெட்டிக்கொண்டிருந்தார்.

பாப்பாத்தி அக்காவை நாம் பார்த்தது அப்படித்தான்.

"ஏனுங்க்கா, இங்கிருந்த தண்ணி எங்கீங்க?" என்று வரப்பிலிருந்தே குரல் கொடுத்தாய்.

அந்த அக்கா தலையைத் தூக்காமல், "இப்பத்தானுங்க போயிருக்குது. ஆடிக்கு வந்துரும்" என்றார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிற மாமியாரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆலோசகர் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லம்மா, சாட்டிலைட் படத்துல இங்க தண்ணி இருக்கே."

"படம் புடிச்ச அன்னைக்கு இருந்திருக்குமுங்க."

அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் படித்த ஆய்வு முறையியல் பாடங்கள் எல்லாம் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. நீ வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய். இனி ஒரு மணி நேரத்துக்கு எழமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் நீ கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் பல மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

அணை கட்டியபோது அவர்களுடைய பாட்டன் பூட்டன் நிலமெல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்க, அவர்களும் அதன் பின்னால் இறங்குவார்கள். அவரவர் வீட்டுக்கு நேர் எதிரே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நடுவார்கள். பத்து நாளில் தண்ணீர் இன்னும் தள்ளிப் போயிருக்கும், குச்சியும் தள்ளிப் போகும். குச்சிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் வண்டல் அந்த வீட்டுக்காரருடைய காடு. கடலை, எள்ளு, ஓரத்தில் வெள்ளரி. ஆனிக்குள் பிடுங்கிவிட வேண்டும். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது.

"அப்ப சண்டை வராதுங்களா?" என்று நான்தான் கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி.

"வருமுங்க சாமி. ஏன் வராது? தண்ணி வந்து தீத்து வெச்சுரும்."

ஓமலூருக்கு வந்து நான் அட்டவணை போட்டேன். நிலப் பயன்பாடு என்று ஒரு பகுதி. புன்செய், நன்செய், நீர்நிலை, குடியிருப்பு, தரிசு. பாப்பாத்தி அக்காவின் இடத்தை எதில் சேர்ப்பது? ஆவணத்தில் சாகுபடி இல்லை. கோடையில் தண்ணீரும் இல்லை. நான் தரிசு என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது என்பது என் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தின்படி அந்த அக்காவை நானே அழித்தேன்.

தரிசு என்று எழுதினால் என்ன ஆகும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. பயன்படாத கரையோர நிலத்தில் சுற்றுலாப் பூங்கா, வாகன நிறுத்தம், சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். சுவர் வந்துவிட்டால் தையில் தண்ணீர் இறங்கும், பாப்பாத்தி அக்கா பின்னால் போக முடியாது. மேட்டில் அவருக்கு இருந்தது ஒரு ஓட்டு வீடும் ஆடுகளும்தான். வருஷத்தில் பாதி தண்ணீர் விட்டுக்கொடுக்கும் அந்த மண்தான் மீதிப் பாதிக்கும் சாப்பாடு.

நாம் சண்டை போட்டது இதற்காகத்தான். அணைப் பூங்காவுக்கு எதிரே மீன் வறுக்கும் கடையில், பெஞ்சில் அந்த வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு. சண்டை என்றால், நீ போட்டாய், நான் கேட்டேன். கடைக்காரர் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு நம்மைப் பார்த்தார்.

"இங்கெ" என்று ஜிலேபி மீன் பிய்த்த விரலை அப்படியே நீலத்தில் ஊன்றினாய். "இங்கெதான் அந்தக்கா இருக்குது. மழைல புடிச்ச படத்துல அந்தக்கா தண்ணி. வெயில்ல புடிச்ச படத்துல தரிசு. எப்பப் புடிச்சா அம்மணி அது ஆளாத் தெரியும்?"

"பட்டா இருந்தால் தெரியும்" என்றேன்.

நீ அந்த மீனை முடித்து, இன்னொரு மீன் வாங்கி, அதையும் முடிக்கும்வரை பேசவில்லை. உன்னோடு பழகிய இத்தனை காலத்தில் அவ்வளவு நீளமான மௌனத்தை நான் கேட்டதில்லை. கடைக்காரர் பயந்துபோய் எனக்கு ஒரு மீனை இலவசமாக வைத்தார்.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. மாவட்டத்திலிருந்து உயர் அதிகாரி வருகிறார், பூங்கா வரப்போகும் இடத்தை நேரில் பார்க்க விரும்புகிறார், ஆகவே கூட்டத்தை அந்த இடத்திலேயே நடத்துங்கள் என்று சென்னையிலிருந்து உத்தரவு. ஏற்பாடு உன் பொறுப்பு. நீ மூன்று தேதிகள் எழுதி அனுப்பினாய், அதிகாரி நடுவிலிருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் பந்தல் போட்டார்கள். பந்தல்காரர் ராசிபுரத்துக்காரர், இந்தப் பக்கம் புதிது. "மண்ணு அல்வாவாட்டம் இருக்குதுங்க மேடம், கடப்பாரையே வேண்டாமுங்க, கையில குத்துனா எறங்குது" என்று சந்தோஷப்பட்டார். பாப்பாத்தி அக்கா போன வாரமே கடலையைப் பிடுங்கி மேட்டுக்கு ஏற்றியிருந்தார். படகுத்துறை நிழலில் ஓர் ஆடு இல்லை. பந்தலுக்குப் பக்கத்தில் ஒருவர் மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்த பரிசலை நிமிர்த்தித் தார் பூசிக்கொண்டிருந்தார். இத்தனையும் பார்த்துவிட்டு நான் என் நோட்டில் எழுதியது: "இடம் சுத்தமாக உள்ளது."

காலையில் கூட்டம் தொடங்கியது. அதிகாரி நடுவில், ஆலோசகர் திரைக்குப் பக்கத்தில், நான் கோப்போடு ஓரத்தில். ஊர்க்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. பின்னால், கொஞ்சம் மேடான பக்கமாக, மரியாதையாக நின்றார்கள். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தண்ணீர் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. பாய்ந்தெல்லாம் வரவில்லை. விரல் கனத்துக்கு, முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, சமையலறையில் கொட்டிய ரசம் பரவுகிற மாதிரி வந்தது. மேலே கர்நாடகத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். முதலில் கண்டது மைக்செட்காரர்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஒயரையெல்லாம் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். மைக் செத்தது, திரையும் அணைந்தது. ஆலோசகர் மின்வெட்டு என்று நினைத்து வெறுங்குரலில் நடைபாதையைப் பற்றித் தொடர்ந்தார். அதிகாரி முதலில் இடது காலைத் தூக்கினார். பிறகு வலது காலை. அவர் எழுந்திருக்கவில்லை, ஆகவே யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று அவரும் இருந்தார். ஆலோசகரின் வெள்ளை ஷூ மிகவும் மெதுவாகப் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நீ எழுந்தாய். மைக் இல்லாதது உனக்கு ஒரு குறையே இல்லை.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. இந்த எடத்த அட்டவணைல தரிசுன்னு போட்டிருக்குதுங்க. இப்பவே மாத்திப் போட்டர்லாமுங்களா, இல்ல தண்ணி போற வரைக்கும் உக்காந்திருந்து பாத்துட்டு மாத்தலாமுங்களா?"

பின்னால் நின்றவர்களிடமிருந்து இருமல் சத்தம் வந்தது. ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் இருமல்.

"யாரு எழுதினது இந்த டேபிள்?" என்றார் அதிகாரி.

எழுந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. நீ என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் மறக்கவில்லை. திரும்பியிருந்தால் நீ சொல்லச் சொன்னதாக ஆகியிருக்கும்.

"நான்தான் சார்."

"இங்க யாராச்சும் விவசாயம் பண்றாங்களா?"

ஆவணத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. எதிரே கூட்டத்தில் பாப்பாத்தி அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, யாரோ யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல நின்றார்.

"தையிலிருந்து ஆனி வரைக்கும் பண்றாங்க சார். ஆடியிலிருந்து இது தண்ணீர். அட்டவணையில் விட்டுப்போச்சு. என் தவறு."

"அப்ப அதையும் எழுதுங்க" என்றார். பிறகு, மனிதர்தானே, "மொதல்ல மேல போயிரலாம்" என்றார்.

மீதிக் கூட்டம் பாப்பாத்தி அக்கா வீட்டு வாசலில் நடந்தது. அந்த அக்கா தலையில் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறினார். போனதும் அண்டாவில் கடலை வேகவைத்தார். அதிகாரி ஈரக்கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார். "நல்லாருக்கேம்மா, எங்க வெளஞ்சது?" என்று கேட்டார்.

அந்த அக்கா கையை நீட்டினார். "அதா, அங்கீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தண்ணீருக்கு நடுவில் பந்தல் மட்டும் நின்றது. பந்தல்காரர் பரிசலில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

முன்கூட்டியே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "பெரியவிய பாத்துப் பாத்துப் புடிச்ச எடமுங்க. வந்து உக்காந்தவிகள எந்திரிங்கன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். மூழ்கினாலும் விருந்தாளியை எழுப்பமாட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உன் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. பழகிய நாளிலிருந்து அந்த இரும்புக் கொக்கி வைத்த தோல் செருப்பைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை.

"தெரிந்துதான் செய்தாயா?"

"சாமி சத்தியமா அவரே புடிச்ச தேதி அம்மணி" என்றாய். அறைக்கு வந்து, நீ தேதி எழுதி அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். நீ கொடுத்த மூன்று தேதிகளும் ஆடியில்தான் இருந்தன.

அட்டவணையைத் திருத்தினேன். ஒரே நிலத்துக்கு இரண்டு வரிசை: தை முதல் ஆனி வரை சாகுபடி, ஆடி முதல் மார்கழி வரை நீர்நிலை. சென்னையிலிருந்து திரும்பி வந்தது. ஒரே நிலம் இருமுறை இடம்பெற்றுள்ளது, சரிசெய்து அனுப்பவும். மேலிருந்து சரிசெய் என்றால் சரிசெய்துவிடுகிறவள் நான். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். நீ எதிர் மேசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நெலமே ரெண்டு தடவ இருக்குது, நாம என்ன பண்றது? இன்னொரு பருவமும் வந்து பாத்துட்டுப் போங்கன்னு எழுது" என்றாய். நான் அதை அலுவலகத் தமிழாக்கினேன்: "நிலத்தை மற்றொரு பருவத்திலும் பார்வையிட வேண்டியுள்ளது." மறுபடி வருவதென்றால் மறுபடி ஷூ வாங்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, பதிலே இல்லை. வரிசை இரண்டும் அப்படியே அச்சாகிவிட்டன.

திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்காதே. பூங்காவை மேட்டுக்கு மாற்றினார்கள். மேட்டில் இதுவரை வந்திருப்பது பூங்கா வரும் என்கிற பலகை. கீழே சுவர் வரவில்லை. அது போதும்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தொழில் என்ன என்று கேட்டார். "ஒரு கோடுதான் உட்டிருக்கீங்க சாமி, நான் பருவத்துக்கு ஒண்ணு பண்றவ" என்றாய். குரல் பாதிதான் வந்தது. அந்தப் பாதிக்கே பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். நான் சிரித்தேன். நீ கண்மூடிய அந்த ஐப்பசிக்கு அப்புறம் எதற்காவது அப்படிச் சிரித்தேனா என்று தெரியவில்லை.

இந்த ஆனியில் பாப்பாத்தி அக்காவைப் பார்க்கப் போனேன். கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். தனியாக வந்த என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் வரப்பைப் பார்த்தார். "அந்த அம்மணி வல்லீங்களா?" சொன்னேன். கையிலிருந்த செடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு சொல்லு சொல்லி உட்டிருந்தா வந்திருப்பனுங்களே" என்றார்.

உன் இறப்புக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை எழுதியது நான். உறவினர், தறிக்காரர்கள், அலுவலகம், சென்னை, அந்த ஆலோசகர்கூட இருந்தார். மூன்று முறை சரிபார்த்தேன். அந்த அக்கா அதிலும் விட்டுப்போயிருந்தார். என் தவறுதான் என்று இந்த முறை சொல்ல அங்கே அதிகாரி யாரும் இல்லை. அந்த அக்காவிடமே சொன்னேன். "உடுங்க சாமி" என்றார். பிறகு எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வெயில் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கடலை பிடுங்கினேன்.

இப்போது ராசிபுரம் பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு இதேமாதிரி ஒரு திட்டம். என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வேகமானவர்கள். வரைபடம் ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. நான்தான் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். கோடையில் ஒருமுறை போய்ப் பார்த்தேன், ஐப்பசியில் மறுபடி போகவேண்டும். மேடத்துக்கு வயசாயிருச்சு என்று அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. மேலிடத்திலிருந்து மாதாமாதம் ஒரு படிவம் வருகிறது, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று. ஒவ்வொரு மாதமும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறேன். நிலத்தை மற்றொரு பருவத்திலும் பார்வையிட வேண்டியுள்ளது. பிறர் சொன்னதை எடுத்தால் அடிக்குறிப்பில் பெயர் போடுகிறவள் நான், உனக்குத் தெரியும். இந்த ஒன்றுக்கு மட்டும் போடவில்லை. என் வாக்கியம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.